எஞ்சின் மாற்றிய பிக்கப்புக்கு எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய செவர்லே பிக்கப் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் வயதான எஞ்சினை இறக்கிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8 ஒன்றை ஏற்றுவது அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே நடக்கிற வேலை. நம் ஆட்களும் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். எஞ்சின் உட்காரும் வரை யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. உட்கார்ந்த மறுநாள் கியர்பாக்ஸ் பற்றிக் கேட்டு போன் வருகிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேறு மாதிரி சொல்லாத இடங்களில் வண்டி 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10, எஞ்சின் 1999-க்குப் பிந்தைய சில்வராடோ, டாஹோ வகையறாவிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. பேரெல்லாம் ஒரே நம்பரா இருக்கு, தலை சுத்துது. யார் யாருன்னு முதல்ல சொல்லுங்க.

இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் தேவையில்லாத பழைய ஹைட்ராலிக் குடும்பத்தில் டர்போ 400 (1964), டர்போ 350 (1969) இரண்டும் மூன்று கியர், ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட வெளி ஷாஃப்ட் வேகமாகச் சுழலும் கியர்) கிடையாது. 1982-ல் வந்த 700ஆர்4-ல் நான்கு கியர், நான்காவது ஓவர்டிரைவ்.

மின்னணு குடும்பத்தில், 700ஆர்4-ஐக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தால் 4எல்60இ (1993). டர்போ 400-ஐ அடிப்படையாக வைத்து ஓவர்டிரைவும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் சேர்த்தது 4எல்80இ (1991). ஆறு கியர் 6எல்80 வந்தது 2006 மாடலில். முதல் எண் கியர்களின் எண்ணிக்கை, 'எல்' என்றால் வண்டியின் நீளவாக்கில் பொருத்துவது, அடுத்த எண் தாங்குதிறனின் வகுப்பு, கடைசி 'இ' மின்னணுக் கட்டுப்பாடு. இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

2. எங்கிட்ட 71 சி10. 350 கன அங்குல எஞ்சினை எறக்கிட்டு 5.3 ஏத்தியாச்சு. பழைய டர்போ 350 நல்லாத்தானே ஓடிச்சு, அதையே வெச்சுக்கக் கூடாதா?

வைத்துக்கொள்ளலாம், பொருந்தும். எல்எஸ் எஞ்சினின் பின்முகத்தில் பழைய செவர்லே போல்ட் அமைப்புதான். மேலே ஒரு போல்ட்டுக்கு மட்டும் துளை இருக்காது. மீதி போல்ட்டுகளும் இரண்டு டவல் பின்களும் சரியாக உட்காரும்; அந்த ஒன்று இல்லாமலே எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன.

கவனிக்க வேண்டியது கிராங்க். எல்எஸ் கிராங்க்கின் பின்விளிம்பு பழைய எஞ்சினைவிட 0.400 அங்குலம் உள்ளே தள்ளி முடிகிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஸ்பேசர் வளையம், அதற்கேற்ற ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்க்கையும், எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய தட்டு), நீளமான போல்ட்டுகள் மூன்றும் வேண்டும். "அரை அங்குலம்கூட இல்லையே" என்று ஃபிளெக்ஸ்பிளேட்டை வளைத்து மாட்டுகிறவர்கள் உண்டு. கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்க்கில் உட்காராமல் தொங்கும். பம்ப் புஷ் தேய்ந்து, முன் சீலில் எண்ணெய் ஒழுகும், கடைசியில் ஃபிளெக்ஸ்பிளேட்டே விரிசல் விடும். 1999, 2000 ஆண்டுகளில் வந்த 6.0 லிட்டர் எல்க்யூ4 மட்டும் விதிவிலக்கு. அதன் கிராங்க் நீளமானது, ஸ்பேசர் வேண்டாம்.

3. மூணு கியர், நாலு கியர்... ஹைவேயில அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

காதிலேயே தெரியும். கணக்கு எளிது: மைல் வேகத்தை 336-ஆல் பெருக்கி, பின் ஆக்ஸிலின் கிரவுன்-பினியன் விகிதத்தால் பெருக்கி, டயரின் அங்குல விட்டத்தால் வகுங்கள். டாப் கியரில் எஞ்சின் சுழற்சி கிடைக்கும். 28 அங்குல டயர், 3.73 விகிதம், 70 மைல் வேகம் என்றால் ஏறக்குறைய 3130 ஆர்பிஎம். டர்போ 350-ல் இதற்குக் கீழே இறங்க வழியில்லை. பெரும்பாலான பழைய கியர்பாக்ஸ்களில் கன்வெர்ட்டர் லாக் ஆவதும் (நழுவாமல் எஞ்சினோடு பூட்டிக்கொள்வதும்) இல்லை என்பதால், நழுவலுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதே வண்டியில் 4எல்60இ-யின் 0.70 ஓவர்டிரைவ் இருந்தால் 2190. 4எல்80இ-யின் 0.75 என்றால் 2350. வாரக் கடைசியில் ஊருக்குள் சுற்றிவிட்டு கராஜில் ஏற்றுகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. டாலஸிலிருந்து ஹூஸ்டன் போக நினைத்தால் மூன்று கியரை மறந்துவிடுங்கள்.

4. 4எல்60இ-யா 4எல்80இ-யா? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணா.

ட்ரெய்லர் இழுப்பீர்களா? பிற்பாடு டர்போவோ சூப்பர்சார்ஜரோ போடுவீர்களா? இரண்டில் எதற்காவது ஆமாம் என்றால் 4எல்80இ. இரண்டும் இல்லையென்றால் 4எல்60இ போதும்.

காரணம் கேட்பவர்களுக்கு: தொழிற்சாலைக் கணக்கில் 4எல்60இ தாங்கும் எஞ்சின் டார்க் 360 பவுண்டு-அடி, 4எல்80இ-க்கு 440. சாதாரண 5.3 கொடுப்பது 315 முதல் 335 வரை. ஆகவே காகிதத்தில் சின்னதே போதும். ஆனால் கியர்பாக்ஸை அழிப்பது குதிரைசக்தி மட்டுமல்ல, எடையும் சூடும். இலகுவான காரில் பல வருடம் ஓடுகிற அதே 4எல்60இ, பின்னால் படகு கட்டிய பிக்கப்பில் ஒரு கோடைக்காலம்கூடத் தாங்காமல் போகலாம். "எவ்வளவு எச்பி தாங்கும்" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள்தான் இரண்டாவது முறையும் வாங்குகிறார்கள்.

4எல்80இ சும்மா வருவதில்லை. சின்னதன் எடை ஏறக்குறைய 150 பவுண்டு, பெரியது 235-ஐ ஒட்டி வரும். உள்ளே சுழலும் பாகங்களும் கனமானவை, அவற்றைச் சுழற்றவே எஞ்சின் கொஞ்சம் சக்தியைச் செலவழிக்க வேண்டும். நீளமும் அதிகம் (11-ஆம் கேள்வி). 1990-களின் பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் கார்களில்கூட இந்த 4எல்80இ-தான் இருந்தது. அவ்வளவு கனமான வண்டியை அலுங்காமல் நகர்த்திய பெட்டி என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

5. 4எல்60இ-ன்னாலே போயிடும், போயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்களே, உண்மையா?

பாதி உண்மை. அதில் போகும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முதலாவது மூன்று-நான்கு கிளட்ச் தொகுதி. எரிந்துபோனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் அலறும், வண்டி நகராது. இரண்டாவது சன்ஷெல் என்னும் மெல்லிய எஃகு உருளை. அது உடைந்தால் ரிவர்ஸ், இரண்டாவது, நான்காவது மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். முதலாவதும் மூன்றாவதும் மட்டும் வேலை செய்கிறதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இரண்டுக்கும் மருந்து உண்டு. நல்ல ரீபில்டரிடம் கொடுத்தால் கெட்டிப்படுத்திய சன்ஷெல்லும் கூடுதல் தட்டுகள் கொண்ட கிளட்ச் தொகுதியும் போட்டுத் தருவார். 2001-லிருந்து வந்த 4எல்65இ-யில் ஐந்து பினியன் பிளானட்டரி (கோள் கியர் தொகுதி) தொழிற்சாலையிலேயே உண்டு. ஆனால் கெட்டிப்படுத்தும் செலவு ஏறிக்கொண்டே போனால், பழைய நல்ல 4எல்80இ-யின் விலையைத் தொட்டுவிடும். அந்தப் புள்ளியில் நின்று யோசியுங்கள்.

6. எல்லா 4எல்60இ-யும் ஒண்ணுதானே? மலிவா ஒரு 94 மாடல் கிடைக்குது.

ஒன்றல்ல. 1990-களின் நடுப்பகுதி வரை வந்தவை பழைய 350 வகை எஞ்சினுக்காகச் செய்தவை. பெல்ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் முன் கூடு) உடலோடு ஒரே வார்ப்பு, இன்புட் ஷாஃப்ட் குட்டை. எல்எஸ்-க்கு வந்தவற்றில் பெல்ஹவுசிங் தனியாகக் கழற்றக்கூடியது, ஆழமும் அதிகம், இன்புட் ஷாஃப்ட் நீளம், கன்வெர்ட்டரும் 300 மில்லிமீட்டர். பழையதை எல்எஸ்-க்குப் பின்னால் மாட்டலாம், ஆனால் மறுபடி இரண்டாம் கேள்வியின் ஸ்பேசர் கதைதான். எஞ்சின் வந்த வண்டியிலிருந்தே கியர்பாக்ஸும் வந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை; கன்வெர்ட்டர், ஃபிளெக்ஸ்பிளேட், வயரிங் எல்லாம் ஜோடி சேர்ந்தே வரும்.

7. 700ஆர்4 போட்டா கம்ப்யூட்டர் தொல்லையே இல்லையே, ஏன் யாரும் அதைச் சொல்ல மாட்டேங்குறீங்க?

கம்ப்யூட்டருக்குப் பதில் டிவி கேபிள் இருக்கிறது. டிவி என்பது திராட்டில் வால்வு. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை இந்தக் கேபிள்தான் கியர்பாக்ஸுக்குச் சொல்கிறது. கியர் எப்போது மாறுவது என்பதோடு, கிளட்ச்சுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது என்பதையும் இதுவே முடிவு செய்கிறது. கேபிள் தளர்வாக இருந்தால் அழுத்தம் குறையும், கிளட்ச் நழுவும், எரியும். அதற்கு ஆயிரம் மைல் தேவையில்லை, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாலே ஆரம்பித்துவிடும். கேபிள் மாட்டாமல் "சும்மா நகர்த்திப் பார்க்கிறேன்" என்று கூட ஓட்டாதீர்கள்.

எல்எஸ்-ல் இன்னொரு சிக்கல். 2003-ஐ ஒட்டி டிரக்குகளில் மின்னணு திராட்டில் வந்துவிட்டது. அதில் கேபிளே கிடையாது, டிவி கேபிளை எதில் கட்டுவீர்கள்? கேபிள் வகை திராட்டில் பாடிக்கு மாற வேண்டும், அதில் சரியான கோணத்தில் இழுக்கும் பிராக்கெட்டும் வேண்டும். டர்போ 350-யின் கிக்டவுன் (முழுதாக மிதித்தால் கீழ் கியருக்கு இறக்கும்) கேபிளுக்கும் இதே கதி. டர்போ 400-ல் கிக்டவுன் ஒரு மின் ஸ்விட்ச், மற்றது எஞ்சின் வேக்குவம். அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய 350 எஞ்சினுக்கு 700ஆர்4 இன்றும் நல்ல தேர்வுதான். எல்எஸ்-க்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

8. என் எஞ்சின் கம்ப்யூட்டர் 4எல்60இ-க்கானது. 4எல்80இ போட்டா கம்ப்யூட்டரும் புதுசா வாங்கணுமா?

வேண்டாம். 1999 முதல் வந்த மூன்றாம் தலைமுறை டிரக் எஞ்சின்களின் பிசிஎம் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இரண்டு கியர்பாக்ஸையும் ஓட்டத் தெரிந்தது. 2500 வரிசை டிரக்குகளில் 6.0 எஞ்சினும் 4எல்80இ-யும் இதே வகைப் பெட்டியில்தான் ஓடின. ட்யூனரிடம் (கம்ப்யூட்டர் புரோகிராமைத் திருத்துபவர்) கொடுத்து கியர்பாக்ஸ் பகுதியை மாற்றி எழுதச் சொன்னால் போதும். அப்போதே டயர் அளவையும் கிரவுன்-பினியன் விகிதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கியர் தப்பான வேகத்தில் மாறும்.

வயரிங்கில் கை வைத்தே ஆக வேண்டும். இரண்டு கியர்பாக்ஸின் பிளக்கும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், உள்ளே பின்களின் வரிசை வேறு. தவிர, 4எல்80இ-யில் அவுட்புட் வேக சென்சரோடு இன்புட் வேக சென்சரும் உண்டு. அதற்கு இரண்டு வயர் புதிதாகப் பிசிஎம் வரை இழுக்க வேண்டும். கன்வெர்ட்டர் பக்கம், இரண்டாம் கேள்வியின் ஸ்பேசரும் தட்டையான ஃபிளெக்ஸ்பிளேட்டும் இங்கேயும் தேவை.

9. எனக்கு இன்ஜெக்‌ஷனே வேண்டாம், எல்எஸ் மேலயே கார்புரேட்டர் வெச்சிருக்கேன். மின்னணு கியர்பாக்ஸ் ஓடுமா?

ஓடும். கியர்பாக்ஸுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்க வேண்டும். கார்புரேட்டரின் திராட்டில் அச்சில் ஒரு பொசிஷன் சென்சரைப் பொருத்தினால், பெட்டி அதைப் பார்த்து அழுத்தத்தையும் கியர் மாற்றத்தையும் கணக்கிடும். பெட்டியின் விலையைச் சேர்த்துப் பார்த்தால், டிவி கேபிளைச் சரியாக அமைத்த 700ஆர்4 மலிவாக முடியலாம். கார்புரேட்டர் என்றால் ஏழாம் கேள்வியின் ஆட்சேபம் பெரும்பாலும் அடிபட்டுவிடுகிறது.

10. இப்ப எல்லாம் ஆறு கியர், பத்து கியர்னு வந்துடுச்சே. 6எல்80 போட்டா என்ன?

ஓட்ட அருமையாக இருக்கும். முதல் கியர் 4.03, கடைசி கியர் 0.67. 3.07 ஆக்ஸில் வைத்த வண்டிகூட நின்ற இடத்திலிருந்து துள்ளிக் கிளம்பும், ஹைவேயில் எஞ்சின் சத்தமே கேட்காது.

சிக்கல் மூளையில். இதன் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர்பாக்ஸுக்குள்ளேயே, எண்ணெய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரோடு கேன் பஸ் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறும் வயர் இணைப்பு) வழியாகப் பேசும். நான்காம் தலைமுறை எஞ்சின்களின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பேச்சு தெரியும். மூன்றாம் தலைமுறையின் பிசிஎம்முக்குத் தெரியாது. உங்களிடம் இருப்பது 1999–2007 வகை 5.3 என்றால், 6எல்80-க்காக எஞ்சின் நிர்வாகத்தையே மாற்றவோ தனிப் பெட்டி வாங்கவோ வேண்டியிருக்கும். 2009-க்கு அப்புறம் வந்த டிரக்கிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கினால் மட்டும் இதில் இறங்குங்கள்.

11. கியர்பாக்ஸ் பெருசானா வண்டிக்கு அடியில எதையெல்லாம் வெட்டணும்?

குட்டை வால் கொண்ட டர்போ 350 இருந்த இடத்தில் 700ஆர்4 அல்லது 4எல்60இ வந்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம் நீளும். 4எல்80இ இன்னும் நீளம், மவுண்ட் வெகு பின்னால் போய்விடும். கிராஸ்மெம்பரைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், டிரைவ் ஷாஃப்ட்டைக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். சி10-ல் இடம் தாராளமாக இருப்பதால் தளத்தை வெட்டும் அவசியம் பொதுவாக வராது. எஸ்-10 மாதிரி சின்னப் பிக்கப்பில் 4எல்80இ என்றால் சுத்தியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி: டர்போ 350, 700ஆர்4, 4எல்60இ மூன்றின் பின் ஷாஃப்ட்டிலும் 27 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் பற்கள்), பழைய யோக் (டிரைவ் ஷாஃப்ட்டின் முன்முனை இணைப்பு) அப்படியே ஏறும். டர்போ 400, 4எல்80இ இரண்டும் 32 ஸ்ப்ளைன். யோக் புதிது வேண்டும். ஷாஃப்ட்டை வெட்டக் கொடுக்கும் முன், எஞ்சினும் கியர்பாக்ஸும் கடைசி மவுண்ட்டில் உட்கார்ந்து, வண்டி தன் சொந்த எடையில் டயர் மேல் நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்து எடுத்த அளவு உதவாது.

12. என்னுது கே10, நாலு வீலும் இழுக்கும். 2003 சில்வராடோல இருந்து டிரான்ஸ்ஃபர் கேஸோட முழு செட் வருது, வாங்கிடட்டுமா?

காசைக் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, முன் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய கே வரிசை டிரக்குகளில் அது பயணி பக்கம் (அமெரிக்க வண்டியில் வலது). 1988-ல் புது வடிவ டிரக்குகள் வந்தபோது ஓட்டுநர் பக்கத்துக்கு மாறிவிட்டது. 2003-ன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட்டை இடது பக்கம் நீட்டும், உங்கள் ஆக்ஸில் வலது பக்கம் காத்திருக்கும்.

கியர்பாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, வலது பக்க டிரான்ஸ்ஃபர் கேஸை அடாப்டர் போட்டுச் சேர்ப்பதுதான் வழி. அங்கே 11-ல் சொன்ன 27, 32 ஸ்ப்ளைன் கணக்கு இன்புட் பக்கமும் ஒத்துவர வேண்டும். இரண்டு சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைத்தது என்று வாங்காதீர்கள். அதன் அவுட்புட் ஷாஃப்ட்டே வேறு. மாற்ற முழுதாகப் பிரிக்க வேண்டும்.

13. ஸ்பீடோமீட்டர் கேபிளை எங்க மாட்டறது?

டர்போ 350, 400, பெரும்பாலான 700ஆர்4-ல் பழைய கேபிள் மாட்ட இடம் உண்டு. மின்னணு கியர்பாக்ஸில் கிடையாது. மின் சிக்னலை வாங்கி ஒரு குட்டி மோட்டாரால் கேபிளைச் சுழற்றும் பெட்டி கிடைக்கிறது. இல்லையென்றால் ஜிபிஎஸ் மீட்டர். பழைய டாஷ்போர்டின் முகம் மாறக்கூடாது என்பவர்களுக்கு முதலாவது.

14. கன்வெர்ட்டர்ல ஸ்டால் எவ்வளவு எடுக்கறது? கடைக்காரர் 3000 போடுன்னு சொல்றார்.

கடைக்காரரை விடுங்கள். ஸ்டால் என்பது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம் வரை ஏற முடியும் என்பது. கேம்ஷாஃப்ட் மாற்றாத 5.3-க்கு, தெருவில் ஓடும் பிக்கப்புக்கு 1800 முதல் 2200 வரை போதும். 3000 ஸ்டால் வைத்து ட்ரெய்லர் இழுத்தால் கன்வெர்ட்டர் பெரும்பாலான நேரம் நழுவிக்கொண்டே இருக்கும், அந்தச் சக்தி எல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். பெரிய கேம் போட்டு ஐடிலில் எஞ்சின் குதிக்கிறதென்றால் மட்டும் மேலே போங்கள். லாக்-அப் இருப்பதையே வாங்குங்கள்.

15. ஜங்க்யார்ட்ல கெடக்கறது 4எல்80இ-தானான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் போல்ட்டுகளை எண்ணுங்கள். டர்போ 350, டர்போ 400 இரண்டிலும் 13. 350-யின் தட்டு சதுரம், ஒரு மூலை மட்டும் வெட்டியது போலிருக்கும், 400-ன் தட்டு கோணல்மாணலாக இருக்கும். 700ஆர்4, 4எல்60இ-யில் 16. 4எல்80இ-யில் 17. தேடிப் போக வேண்டிய வண்டிகள் 2500, 3500 வரிசை டிரக்குகள், சபர்பன் 2500, எக்ஸ்பிரஸ் வேன்கள். சாதாரண 1500 டிரக்கில் 4எல்80இ இருக்கும் என்று காயலான் கடை முழுக்க அலையாதீர்கள்.

அனுமதித்தால் தட்டை இறக்கிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். மின்னும் செதில்கள், கறுப்பு எண்ணெய், கருகிய வாடை இருந்தால் நகர்ந்துவிடுங்கள், அல்லது ரீபில்டுக்கான வெறும் கூடு என்று விலை பேசுங்கள். 4எல்80இ-யில் 1996 வரை கூலர் குழாய் இரண்டும் முன்பக்கம் இருக்கும். 1997 முதல் திரும்பி வரும் குழாய் பின்னால் தள்ளிப் போயிற்று. இரண்டும் நல்லவைதான், குழாய் வாங்கும்போது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

16. ரேடியேட்டர்லயே கூலர் இருக்கே, தனியா எதுக்கு?

ஊருக்குள் ஓட்ட அது போதும். ட்ரெய்லருக்குப் போதாது, முன்னால் தனி கூலர் வையுங்கள். தட்டில் ஒரு வெப்ப சென்சரையும் பொருத்துங்கள். 80, 90 டிகிரி செல்சியஸ் பரவாயில்லை. 120-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்துங்கள். 4எல்60இ-யில் சுமை இழுக்கும்போது ஓவர்டிரைவைத் தவிர்த்து மூன்றாவதிலேயே ஓட்டுவது அந்த மூன்று-நான்கு கிளட்ச்சுக்குச் செய்யும் புண்ணியம்.

பழைய கியர்பாக்ஸ் உடைந்துதான் புதிது போடுகிறீர்கள் என்றால் பழைய கூலரைத் தூக்கி எறியுங்கள். அதன் மடிப்புகளில் மாட்டியிருக்கும் உலோகத் துகள்கள் முதல் நாளே புதியதற்குள் போய்ச் சேரும். கழுவினால் போகும் என்று நம்ப வேண்டாம்.

17. கியர்பாக்ஸ் எஞ்சினோட முழுசா ஒட்ட மாட்டேங்குது, கால் அங்குலம் இடைவெளி. போல்ட்டை முறுக்கி இழுத்துடலாமா?

கையை எடுங்கள். கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே போகவில்லை. முறுக்கினால் பம்ப் கியர் உடையும், பிரித்துத்தான் ஆக வேண்டும். கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து, கன்வெர்ட்டரை உள்ளே தள்ளியபடியே மெல்லச் சுழற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் என்று மூன்று இடத்தில் அது பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'டொக்' என்று ஓர் இறக்கம் கையில் தெரியும். இரண்டோடு நின்றுவிட்டுப் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான விபத்து.

சரியாக உட்கார்ந்தால் பெல்ஹவுசிங் கையால் தள்ளினாலே எஞ்சினோடு ஒட்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட்டைத் தொட அது 3 முதல் 5 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் ஸ்பேசர் அல்லது ஃபிளெக்ஸ்பிளேட் தப்பு. மிக அதிகம் என்றாலும் இரண்டாம் கேள்விக்குத் திரும்புங்கள்.

18. ஃபோர்டு எஃப்-150-ல எல்எஸ் போட்டிருக்கேன். ஃபோர்டு கியர்பாக்ஸையே வெச்சுக்கலாமா? அப்படியே கம்மின்ஸ் டீசலுக்கும் சொல்லிடுங்க.

ஃபோர்டின் பெல்ஹவுசிங் அமைப்பே வேறு. அடாப்டர் இருக்கிறது, ஆனால் அந்தக் காசுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸே வந்துவிடும். எஞ்சின் எந்தக் குடும்பமோ கியர்பாக்ஸும் அதே குடும்பத்தில் எடுங்கள்.

12 வால்வு கம்மின்ஸுக்கு, டாட்ஜ் டிரக்கில் 1994, 95-ல் வந்த 47ஆர்எச் பெரிதும் ஹைட்ராலிக் என்பதால் எளிது. 1996-லிருந்து வந்த 47ஆர்இ-க்குக் கம்ப்யூட்டர் உதவி வேண்டும். டீசல் 3000-க்குள் சுற்றி முடித்துவிடும் என்பதால், பெட்ரோல் எஞ்சினுக்கான கன்வெர்ட்டரை அதன் பின்னால் வைக்காதீர்கள்.

19. நீங்க சொன்ன மாதிரியே 4எல்80இ போட்டேன், வண்டி முன்னைவிட மந்தமா கிளம்புது. ஏமாத்திட்டீங்களே?

பின் ஆக்ஸில் என்ன விகிதம் என்று நான் கேட்டிருப்பேன், 3.07 என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். 4எல்60இ-யின் முதல் கியர் 3.06, ஆக்ஸிலோடு பெருக்கினால் 9.4. 4எல்80இ-யின் முதல் கியர் 2.48 மட்டுமே; பெருக்கினால் 7.6. அந்த வித்தியாசத்தைத்தான் சிக்னலில் உணர்கிறீர்கள்.

கிரவுன்-பினியனை 3.73-க்கு மாற்றினால் 9.25 வரும், பழைய துடிப்பு கிட்டத்தட்ட திரும்பிவிடும். 4.10 போட்டால் 10.2; அப்போதும் 70 மைலில் ஓவர்டிரைவில் 2580 ஆர்பிஎம்தான். ஓவர்டிரைவ் இல்லாத காலத்தில் 3.07 வைத்த வண்டியும் ஏறக்குறைய அதே சுழற்சியில்தான் போயிற்று. கியர்பாக்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஆக்ஸிலுக்கும் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

20. எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் ஆகுது. ஆனா ஒரே கியர்லயே நிக்குது, 'டமார்'னு விழுது. கியர்பாக்ஸ் போச்சா?

போயிருக்காது. மின்னணு கியர்பாக்ஸுக்கு மின்சாரம் போகாவிட்டால் உள்ளேயிருக்கும் ஷிஃப்ட் சோலனாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கி கியர் மாற்றும் வால்வுகள்) எல்லாம் அணைந்து, ஒரே கியரில் நிற்கும், எண்ணெய் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். 'டமார்' சத்தம் அந்த அழுத்தத்தால்தான். 4எல்60இ அப்போது மூன்றாவதில் கிளம்பும், 4எல்80இ இரண்டாவதில். ரிவர்ஸ் இரண்டிலும் வேலை செய்யும்.

முதலில் ஃபியூஸ். அப்புறம், சாவி ஆன் நிலையிலும் எஞ்சின் கிராங்க் ஆகும்போதும் கியர்பாக்ஸ் பிளக்குக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். பழைய டிரக்கின் சாவி ஸ்விட்ச்சில் சில முனைகள் கிராங்க் ஆகும்போது மட்டும் செத்துப்போகும், அதில் இணைப்பு எடுத்திருந்தால் பிரச்சினை அங்கேதான். பிளக் கடைசி வரை அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் வேக சென்சர் வயர், 4எல்80இ-யில் இன்புட், அவுட்புட் சென்சர்களின் பிளக்குகள் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் சேர்த்து. இவ்வளவையும் பார்த்து முடிக்கும் வரை எண்ணெய்த் தட்டில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.